நம்ம பொலிஸ்

1

வட இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் இந்தச் சின்ன ஊரில் மழையும் மூட்டமும் இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவில் வருவதுபோலவே வரும். வந்த புதிதில் குளிருக்கு நான் பயப்படவில்லை. பயந்தது ஒரு பொலிஸ்காரிக்கு. எங்கள் தெருக்களைக் கவனிப்பதற்கென்று ஒருத்தி இருக்கிறாள். நடந்தேதான் வருவாள். நாய் காணாமல் போனால் விசாரிப்பாள். தனியாக இருக்கும் கிழவரின் கதவைத் தட்டி, வீட்டில் சூடு இருக்கிறதா என்று கேட்பாள். முதல் தடவை அவள் எங்கள் கதவைத் தட்டியபோது நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். சைக்கிள்கள் திருட்டுப் போகின்றன, பூட்டி வையுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள். கதவைத் திறந்து அவளோடு பேசியது, அப்போது பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த என் மகள் காவ்யா.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, நான் முதியோர் இல்லத்து வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். காவ்யா எதிரில் வந்து நின்றாள்.

"அம்மா, நான் காவலாளி ஆகப்போறேன்."

அவளுடைய தமிழ் இப்போது அப்படித்தான். ஆங்கிலத்தில் நினைத்து, போனில் தமிழ்ச் சொல் தேடிப் பேசுவாள். சூப்பர்மார்க்கெட் வாசலில் நிற்கிறார்களே, அந்த வேலை என்று நான் விளங்கிக்கொண்டேன்.

"படிச்சிட்டுப் போயி வாசல்லயா நிக்கப்போற?"

"வாசல்ல இல்லம்மா. பொலிஸ்!"

என் கணவர் முரளி உள்ளேயிருந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். நம்ம ஆளுங்களுக்கு அது ஒத்துவராது என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் வேண்டாம் என்றதற்காக அவள் நிற்கவில்லை. விண்ணப்பம் போட்டாள், ஓடிக் காட்டினாள், பரீட்சை எழுதினாள். பிறகு பின்னணி விசாரணை வந்தது. இந்த நாட்டில் பொலிஸில் சேர வேண்டுமென்றால் தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்கள், இருந்த வீடுகள் எல்லாவற்றையும் கேட்டுக் குடைந்து எடுக்கிறார்கள். ஒருநாள் மடிக்கணினியோடு குசினிக்கு வந்தாள்.

"அம்மா, சிலோன்ல உங்களுக்குப் பொலிஸோட எப்பயாவது ப்ராப்ளம் இருந்துச்சா? நோன்னு போடவா?"

நோ என்றுதான் போட வேண்டும். என் மேல் வழக்கு இல்லை, ஒரு இரவுகூட அடைபட்டதில்லை. ஆனால் எனக்கு அந்தச் சொல் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான், ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கும் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு இது புதிதாக இராது.

2

டிக்கோயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். முரளி முன்னதாகவே இங்கிலாந்துக்கு வந்துவிட்டார். விசா கிடைக்கும்வரை நானும் சின்னவளான காவ்யாவும் லயத்து வரிசை வீடு ஒன்றில் என் அம்மாவோடு இருந்தோம்.

பொலிஸ் என்றால் எங்களுக்கு என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆடு களவு போனாலும், பெண் பிள்ளையை ஒருவன் வழிமறித்தாலும், நேரே ஸ்டேஷனுக்குப் போகிற பழக்கம் கிடையாது. முதலில் சிங்களம் தெரிந்த ஒருவரைத் தேட வேண்டும். கடை முதலாளியோ, சங்கத் தலைவரோ கூட வருவார். நாம் அழுதுகொண்டே சொன்னதை அவர் சுருக்கமாகச் சொல்வார். பொலிஸ்காரர் அதை இன்னும் சுருக்கி எழுதுவார். கீழே கையெழுத்து வைத்துவிட்டு வர வேண்டியதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிற தைரியம் யாருக்கு இருந்தது?

அப்படிப்பட்ட காலத்தில்தான் யுத்தம் முடிந்து, தமிழ்ப் பிள்ளைகளைப் பொலிஸில் சேர்க்கிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து ரமேஷ் போனான். கொழுந்து எடுக்கும் இராமாயி அக்காவின் ஒரே பிள்ளை. பயிற்சி முடிந்து காக்கிச் சட்டையோடு தோட்டத்துக்கு வந்த அன்று, மாரியம்மன் கோயில் வாசலில் தப்பு மேளம் அடித்து வரவேற்றோம். இராமாயி அக்கா அழுதுகொண்டே மகனுடைய சட்டைப் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சில மாதம் வேறெங்கோ இருந்துவிட்டு, எங்கள் ஸ்டேஷனுக்கே மாற்றலாகி வந்தான். அங்கே தமிழில் முறைப்பாடு எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

வந்ததும் தோட்டத்து மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். பொலிஸும் மக்களும் கைகோர்த்து வேலை செய்ய வேண்டும் என்று ஸ்டேஷன் பொறுப்பதிகாரி சிங்களத்தில் பேசினார். ரமேஷ் அதைத் தமிழில் சொல்லிவிட்டு, தன் பங்குக்கு நாலு வார்த்தை பேசினான்.

"இனிமே நீங்க யாரையும் கூட்டிக்கிட்டு வரத் தேவையில்லீங்க. யாருக்கும் பயப்படவும் வேணாம். எங்கிட்ட சொல்லுங்க. ஒங்க பேரு வெளிய போகாது. நான் ஒங்க புள்ள."

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. அன்றிலிருந்து அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'நம்ம பொலிஸ்' என்றுதான் சொன்னோம். நம்ம பொலிஸு பஸ்ல வந்திச்சு, நம்ம பொலிஸு கல்யாணத்துக்கு வருமா, இப்படி.

3

எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளி புஷ்பம் இருந்தாள். என்னோடு ஒன்றாகப் படித்தவள். இடையில் படிப்பை விட்டுக் கொழுந்துக்குப் போனாள். அவள் புருஷன் முருகையா நல்ல வேலைக்காரர், ஆனால் கசிப்புக்கு அடிமை. கள்ளச்சாராயம் என்று வெளியூரில் சொல்வார்கள். எங்கள் தோட்டத்தில் அதைக் காய்ச்சி விற்றவன் தங்கராசு. ஓடைக்கரையில் அவனுக்கு ஒரு இடம் இருந்தது. தெரியாதவர் யாரும் இல்லை.

ஒருநாள் குடிவெறியில் முருகையா தன் மகளையே அடையாளம் தெரியாமல் தள்ளிவிட்டார். பிள்ளை அடுப்பு மேல் விழுந்து கை வெந்துபோனது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு இருந்துவிட்டு வந்த மனிதர், நேரே கோயிலுக்குப் போய் மாலை போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு தொடவில்லை. மாதக்கணக்காகத் தொடவில்லை. மாலையில் வேலி கட்டினார், வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் செடிக்குப் பாத்தி போட்டார். புஷ்பத்தின் முகத்தில் சதை பிடித்தது.

ஆனால் தங்கராசு விடவில்லை. சம்பள நாளில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். காசு வேண்டாம், சும்மா வா என்றான். புஷ்பம் என்னிடம் வந்தாள்.

"விஜி, நாம போயி நம்ம பொலிஸுகிட்ட சொல்லுவோம். இந்த மனுசன் எத்தன நாளைக்குத்தான் பல்லக் கடிச்சிக்கிட்டு இருப்பாரு?"

இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். ரமேஷ் எங்களைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து, பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான். புஷ்பம் எல்லாவற்றையும் கொட்டினாள். இடம், நேரம், யார் யார் வருகிறார்கள், எதில் காய்ச்சுகிறார்கள். கடைசியில், "பாம்புப் புத்துக்குப் பக்கத்துல தொட்டில் கட்டுன மாதிரி இருக்கு தம்பி எங்க பொழப்பு" என்றாள். ரமேஷ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கிறேன்." வரும் வழியெல்லாம் புஷ்பம் பேசிக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

மறுநாள் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் தங்கராசு வந்து நின்றான். கோபமாக இல்லை. சிரித்துக்கொண்டுதான் நின்றான்.

"என்னாங்க டீச்சர், நான் பாம்புப் புத்தாமே? தொட்டில அங்கிட்டுத் தள்ளிக் கட்டச் சொல்லுங்க ஒங்க கூட்டாளிய."

அவ்வளவுதான் சொன்னான். ஸ்டேஷனில் அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

அந்த வாரமே, காலையில் எல்லோரும் பெரட்டுக்குக் கூடுகிற நேரத்தில், ஜீப் ஏறி வந்தது. வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். தங்கராசுவைப் பிடிக்கத்தான் என்று நினைத்து ஒருசிலர் சந்தோஷப்பட்டதும் எனக்கு ஞாபகம். ஜீப் எங்கள் லயத்தின் முன்னால் நின்றது. பொலிஸார் இரண்டு பேர், கூட ரமேஷ். வீட்டுக்குள் போகவில்லை. எதையும் தேடவில்லை. நேராகப் பின்பக்கம் போய் லீக்ஸ் பாத்தியைக் கிளறி, ஒரு கேனைத் தூக்கினார்கள். மூடியைத் திறந்ததும் கசிப்பு வாடை எங்கள் வாசல்வரை வந்தது.

முருகையாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. கழுத்தில் மாலையோடு நின்றவர், கையைப் பிடித்ததும்தான் பேசினார்.

"குடிச்ச காலத்துல ஒருநாளும் புடிக்கல. குடிக்காத காலத்துல புடிக்கிறீங்களே சாமி!"

மற்ற இரண்டு பொலிஸாருக்கும் தமிழ் தெரியாது. ரமேஷுக்குத் தெரியும். அவன் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டு, தோட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

4

நான் ஸ்டேஷனுக்குப் போனேன். புஷ்பம் வரவில்லை. போக வேண்டாம் என்று அவள் மாமியார் காலைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். யாருடைய தயவும் இல்லாமல் பொறுப்பதிகாரியிடமே பேச முடியும் என்ற தைரியத்தில் போனேன்.

அவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். உட்காரக் கதிரை போடச் சொன்னார். நான் சிங்களத்தில், நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன். இரகசியமாகச் சொன்ன விஷயம் சொன்னவள் வாயில் வந்த வார்த்தையோடு விற்கிறவனுக்குப் போயிருக்கிறது, முருகையா நிரபராதி, இதை நீங்கள் விசாரிக்க வேண்டும் என்றேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். நல்ல சிங்களம் பேசுகிறீர்களே என்று பாராட்டினார். பிறகு குரல் கொடுத்தார்.

"ரமேஷ்! இந்த டீச்சர் தமிழ். நீயே உட்கார்ந்து முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொள்."

"நான் சிங்களத்துலதானே பேசுறேன் சேர்? சிங்களத்துலயே எழுதுங்க" என்றேன்.

"இல்லை, இல்லை. தமிழ் ஆட்களுக்கு அவர்களுடைய மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது உங்கள் உரிமை" என்றார். சிரிக்காமல் சொன்னார். இன்றைக்கும் எனக்குத் தெரியாது, அந்த மனிதர் என்னைக் கேலி செய்தாரா, உண்மையாகவே அப்படி நினைத்தாரா என்று.

ரமேஷ் எனக்கு எதிரில் உட்கார்ந்தான். பேனையைத் திறந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லுங்க டீச்சர். யாரு மேல முறைப்பாடு?"

"ஒம் மேலதான். எழுது."

பேனை தாளின் மேல் அப்படியே நின்றது. பக்கத்து மேசையில் இருந்தவர்களுக்கு நாங்கள் பேசுவது விளங்கவில்லை. எங்கள் பாஷையில் எங்களுக்காக ஒருவன் வேண்டுமென்று எத்தனை காலம் கேட்டோம்! வந்தான், எதிரில் இருக்கிறான், நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு விளங்குகிறது.

"டீச்சர், வீட்டுக்குப் போங்க" என்றான் மெதுவாக.

நான் எழுந்து வந்தேன். பஸ் தரிப்பிடத்துக்கு அவன் பின்னாலேயே வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"நான் கசிப்புக்காரனுக்கு ஒண்ணும் சொல்லல டீச்சர். மேல சொல்ல வேண்டியத மேல சொன்னேன். அங்கேருந்து எங்க போகுதுன்னு நீங்களும் நானும் கேக்க ஏலுமா?"

"தொட்டில் கட்டுன கதையுமா மேல போச்சு?"

தொப்பியை மற்றக் கைக்கு மாற்றினான்.

"லீக்ஸ் பாத்திய ஒனக்கு யாரு காட்டுனா?"

"போகச் சொன்னாங்க. போனேன். போகலேன்னா என்னைய எங்கயாவது தூரமா மொனராகல பக்கம் தூக்கிப் போட்டிருவாங்க. அம்மாவ யாரு பாக்குறது? நீங்க இன்னைக்கோ நாளைக்கோ வெளிநாடு போயிருவீங்க. நான் இங்கேயே இருக்கணும்."

"அப்ப எதுக்குடா 'நான் ஒங்க புள்ள'ன்னு சொன்ன?"

அவன் கண் கலங்கியதைப் பார்த்தேன். அதைப் பார்த்தும் எனக்கு மனம் இளகவில்லை. இளகியிருந்தால் இந்தக் கதை எனக்கு இவ்வளவு காலம் வலித்திருக்காது. எதிரி செய்தால் அது வெறும் அடி. அடிக்கிறவன் அழுதுகொண்டே அடித்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஹட்டன் நீதிமன்றத்தில், குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டத்தோடு போய்விடலாம், இல்லையென்றால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும் என்று சட்டத்தரணி சொன்னார். புஷ்பத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு முருகையா தலையை ஆட்டினார். செய்யாத குற்றத்துக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்த மனிதரைத் தோட்டத்தில் 'கசிப்பு முருகையா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தீபாவளிக்கு முன்பே மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் போட்டார். அன்று சாயங்காலம் தங்கராசுவிடம் தானாகவே போனார். எனக்கு விசா வந்து புறப்பட்ட அன்று அவர் லயத்து வாசலில் விழுந்து கிடந்தார். அவரைத் தாண்டித்தான் பெட்டிகளை எடுத்துப் போனோம்.

5

இவ்வளவையும் கேட்டுவிட்டுக் காவ்யா மடிக்கணினியைத் தள்ளி வைத்தாள். பிறகு, "ரமேஷ் மாமாவா?" என்று கேட்டாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கோயில்ல என்னையத் தூக்கி அவரோட தொப்பிய எனக்கு வச்சி விட்டாரே அம்மா. கண்ண மறைச்சிருச்சி. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அந்த ஊருல நல்லா ஞாபகம் இருக்குறது அது மட்டுந்தான்."

அவள் ஆசை எங்கிருந்து முளைத்ததென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊர் மொழி பாதி போய்விட்டது, ஊர்ச் சாப்பாடு போய்விட்டது. பிள்ளை ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்தது அவன் தொப்பியை. விண்ணப்பத்துக் கேள்விக்கு நோ என்று போடச் சொல்லிவிட்டு நான் மேலே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அவளுக்கு வேலை கிடைத்தது. அதே மாதத்தில் ஊரிலிருந்து என் தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். மாரியம்மன் கோயில் திருவிழா. ரமேஷ் இப்போது சார்ஜன்ட், பிரதம விருந்தாளி. உடம்பு போட்டிருக்கிறது. அவனுக்கு ஆரத்தி எடுக்கிற பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புஷ்பம்.

அப்போதே போன் எடுத்தேன். சுகம் விசாரிக்கும் பொறுமைகூட எனக்கு இருக்கவில்லை.

"நீயா அவனுக்கு ஆரத்தி எடுத்த?"

"ஆமா, எடுத்தேன்."

"எப்படி புஷ்பம் ஒனக்குக் கை வந்திச்சி?"

"கையிதானே விஜி, வரும். மகளக் கட்டிக் குடுத்த எடம் சரியில்ல. மாப்புள அடிக்கிறான். நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா நான் யாருகிட்டப் போறது? அங்க தமிழ் தெரிஞ்ச ஆளு இன்னமும் அவந்தான்."

"அவன்கிட்டயா போவ? மறுபடியும்?"

"நீ அங்க இருந்துக்கிட்டுக் கோவப்படலாம். கோவம் நல்லதுதான். எனக்கு அதுக்கு வசதி பத்தாது" என்றாள். பிறகு முருகையாவுக்கு இருமல் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவளும் என்னைக் கைவிட்டுவிட்டதாகத்தான் தோன்றியது. யாருக்காக நான் இத்தனை வருடம் அந்தக் கோபத்தை அடைகாத்தேனோ, அவளே தட்டில் சூடம் ஏற்றிவிட்டாள். நியாயம் அவள் பக்கம் என்று அறிவு சொல்கிறது. மனது இன்னும் கேட்கவில்லை.

6

காவ்யா சீருடை போட்டு இப்போது சில மாதம் ஆகிறது. அணிவகுப்புக்குப் போனேன். சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு மற்றத் தாய்மாரோடு நின்று கைதட்டினேன். படம் எடுக்கையில் தொப்பியை எனக்கு வைக்கப் பார்த்தாள். நான் விலகிக்கொண்டேன்.

எங்களுக்கு நாலு கதவு தள்ளிக் கமலா அக்கா இருக்கிறார். யாழ்ப்பாணத்தவர். முதல்முறை என்னைக் கண்டபோது, "நீங்கள் மலைநாட்டுப் பக்கமோ?" என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றவர். பிறகு பழகிவிட்டோம். போன ஞாயிறு மத்தியானம் வந்தார். கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு வருகிறவர் அல்ல.

"விஜயா, குறை நினையாதேங்கோ. பிள்ளையோட தனியக் கொஞ்சம் கதைக்கோணும்."

இருவரும் முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் குசினியில் கறிக்குப் போஞ்சி நறுக்கினேன். அழுகைச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. போகும்போது கமலா அக்கா என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா."

"நான் யாருகிட்டப் போயிச் சொல்லப்போறேன்?"

"தெரியும். ஆனா சொல்ல முடியாது."

"பெத்த தாய்கிட்டயும் மறைப்பியா? அவ்வளவு பெரிய ஆளாயிட்டியா?"

வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டேன். அவள் முகம் சிவந்தது. கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் ஓடிவிடும். ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்து, நிறுத்தி, ஒரு பிளேட்டில் சோறு போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். நான் போஞ்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் வேலை விட்டு வரும்போது கடைத்தெருவில் கமலா அக்காவைக் கண்டேன். என்னைக் கண்டதும் நின்றார். என் முகத்தையே பார்த்தார். எனக்கு எவ்வளவு தெரியும் என்று அதில் தேடினார். என் கண்ணில், என் வாயோரத்தில், நான் பையை மாற்றிப் பிடித்த விதத்தில் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. அது அவருக்கு விளங்கிய கணத்தை நான் பார்த்தேன். தோள்கள் நிம்மதியாக மெல்ல இறங்கின.

"பிள்ளை சாப்பிட்டவளோ?" என்று கேட்டார்.

"சாப்பிட்டா, அக்கா."

அவர் போய்விட்டார். பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், ஆட்களுக்கு நடுவில், எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி என்னவென்று கேட்டாள். என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தியை நினைத்துக்கொண்டேன் என்றேன். செத்துப்போய்விட்டாளா என்று பரிவோடு கேட்டாள். இல்லை, இருக்கிறாள், ஊரில்தான் இருக்கிறாள் என்றேன்.